களத்துக்கு ஒரு மசோதா

உ.ராம. வடகம் கம்பெனியில் ஓர் ஆளின் மதிப்பு, அவர் பார்க்கும் வேலையைக் கெடுக்க டெல்லியில் எத்தனை மசோதா காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இப்படி எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் இலுப்பூரிலிருந்து விராலிமலை போகும் சாலையில், கம்பெனி வாசலில் டீக்கடை போட்டிருப்பவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். யாருக்கு முதல் டீ, யாருக்குக் கண்ணாடி டம்ளர், யாருக்குப் பேப்பர் கப் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் நடந்தது.

களத்துச் சூப்பர்வைசர் ரெங்கராஜுக்குக் கிடைத்தது பேப்பர் கப்.

களம் என்றால் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் பெரிய சிமெண்டுத் தரை. கூழ் வடகமும் மோர்மிளகாயும் சுண்டைக்காய் வத்தலும் அங்கேதான் வெயிலில் காயும். மீனம்மாளும் அவள் கூட்டத்துப் பெண்களும் விடியும்போதே வந்து அச்சில் பிழிவார்கள். ரெங்கராஜ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்று மேய்ப்பார். பெரிய முதலாளி கண்ணப்பன் நடமாட்டமாக இருந்தவரை ஆயுத பூசையன்று தாம்பாளம் முதலில் களத்துக்குத்தான் வரும். கம்பெனி பிறந்ததே அந்தத் தரையில்தான் என்பது அவர் கட்சி. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிற மாவட்டம் இது. ஆகவே அந்தத் தாம்பாளத்தை ரெங்கராஜ் எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தார் என்று நான் விளக்கத் தேவையில்லை.

பெரியவர் முட்டிவலியோடு திருமயம் பக்கத்துச் சொந்த ஊர் வீட்டில் உட்கார்ந்ததும், மகன் ராம்நாத் சென்னையிலிருந்து வந்து பொறுப்பேற்றார். வந்த வருடமே பாக்கெட் மேல் அச்சடிக்கும் எழுத்தின் அளவு பற்றி மத்திய அரசின் விதி ஒன்று மாறியது. மாறியது கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. போட்டிக் கம்பெனி பாக்கெட்டில் எழுத்து பெரிதாக இருப்பதைப் பார்த்து, அவர்கள் விளம்பரத்துக்குச் செய்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அச்சடித்து வைத்திருந்த பாக்கெட்டையெல்லாம் எரிக்க வேண்டியதாயிற்று. அந்தப் புகை அடங்குவதற்குள் ராம்நாத் எல்லாரையும் கூட்டிப் பேசினார்.

"சட்டம் வந்தப்புறம் அழுறவன் வியாபாரி. மசோதாவா இருக்கும்போதே அழுறவன்தான் கார்ப்பரேட். நாம இனிமே முன்கூட்டியே அழப்போறோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'மத்திய மசோதா கண்காணிப்பு மற்றும் எதிர்வினைப் பிரிவு'. அதற்கு ஓர் ஏ.சி. அறை, பெரிய டி.வி., உருளும் நாற்காலி எல்லாம் வந்தன. தலைவராக வெற்றிசெல்வன் அமர்த்தப்பட்டான். நேற்றுவரை பாக்கிங்கில் பாக்கெட் வாயை ஒட்டிக்கொண்டிருந்தவன். ரெங்கராஜைப் பார்த்தால் எழுந்து நின்று "அண்ணே" என்றவன். இவனுக்கு என்ன தகுதி என்று கேட்டால், பிளாஸ்டிக் பாக்கெட்டைக் கட்டுப்படுத்துகிற மசோதா ஒன்று மாநிலங்களவை என்கிற மேல்சபையில் கிடந்தது. அது பாக்கிங் செக்‌ஷனைத்தான் பாதிக்கும். பாதிக்கப்படப்போகிறவனே கவனமாகப் பார்ப்பான் என்பது ராம்நாத்தின் தத்துவம்.

பிரிவுக்கு ஒரே விதி. நாடாளுமன்றம் கூடினால் பிரிவு கூடும். ஒத்திவைக்கப்பட்டால் பிரிவும் ஒத்திவைக்கப்படும். பதினோரு மணிக்கு வெற்றிசெல்வன் டி.வி. முன்னால் உட்காருவான். டெல்லியில் உறுப்பினர்கள் கத்துவார்கள், அவைத்தலைவர் எழுந்து போவார். இவனும் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு, வெயிலில் கருகிக்கொண்டிருக்கும் ரெங்கராஜைத் தாண்டி வண்டியை எடுப்பான்.

"என்னப்பா, அதுக்குள்ள கெளம்பிட்ட?"

"இன்னைக்கு அமளிண்ணே. ரெண்டு மணி வரைக்கும் ஒத்திவச்சுட்டாங்க. வீட்டுல போயி ஒரு வாய் சாப்புட்டு வாரேன்."

ரெங்கராஜ் துண்டை உதறித் திரும்பத் தலையில் போட்டுக்கொள்வார். நாட்டில் அமளி நடந்தால் சோற்றுக்கு வீட்டுக்குப் போகிற வேலை தனக்கு ஏன் வாய்க்கவில்லை? அவர் களத்தில் இதுவரை எத்தனையோ அமளி நடந்திருக்கிறது. பெண்கள் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டதுகூட உண்டு. அதற்காக வெயில் ஒருநாளும் ஒத்திவைக்கப்பட்டதில்லை.

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்தால் வெற்றிசெல்வனுக்கு லீவு. அந்த நாட்களில் அவன் மனைவி இளமதி கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு ரேஷன் கடைக்கு வருவாள். கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் வந்தால், "எங்க வீட்டுக்காரரு பார்லிமெண்டு விட்டாத்தான் வருவாக" என்பாள். வரிசையில் நின்ற பிரகதீஸ்வரி, அதாவது ரெங்கராஜின் மனைவி, இதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து சோற்றுத் தட்டோடு சேர்த்துப் பரிமாறினாள்.

"அவரு பார்லிமெண்டு விட்டு வாராராம். நீங்க வெயிலு விட்டு வாரீக. கையைக் கழுவுங்க."

மசோதா விஷயத்தில் கம்பெனியின் நிலைப்பாட்டை முடிவு செய்யவும் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று ராம்நாத் சென்னையில் ஓர் ஆலோசகரைக் கேட்டார். அவர் எழுபது பக்கம் அனுப்பி, இரண்டும் செய்யலாம் என்றார். குழம்பிப்போனவர்கள் குலதெய்வக் கோயிலில் பூப்போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைப்பூ வந்தால் ஆதரவு, சிவப்பு வந்தால் எதிர்ப்பு. ராம்நாத் அதை 'ஸ்டேக்ஹோல்டர் கன்சல்டேஷன்', அதாவது சம்பந்தப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்பு, என்று அறிக்கையில் எழுதச் சொன்னார். பிளாஸ்டிக் மசோதாவுக்கு வெள்ளைப்பூ வந்துவிட்டது. விற்பதெல்லாம் பிளாஸ்டிக் பாக்கெட்டில். சாமி சொல்வதோ ஆதரவு. வெற்றிசெல்வன் மூன்று நாள் யோசித்து அமைச்சகத்துக்கு எழுதினான்: 'இம்மசோதாவை எங்கள் நிறுவனம் மனமார வரவேற்கிறது. எக்காரணம் கொண்டும் நிறைவேற்றிவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.'

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவனுக்குச் சால்வை போட்டார்கள்.

அந்த வருட ஆயுத பூசை வந்தது. களத்தைக் கழுவி, அச்சுகளுக்கெல்லாம் சந்தனம் வைத்து, அண்டாவுக்குப் பொட்டிட்டு, ரெங்கராஜ் வெள்ளை வேட்டியில் காத்திருந்தார். தாம்பாளம் வந்தது, வந்த வேகத்தில் களத்து வாசலைத் தாண்டி ஏ.சி. அறைக்குள் போனது. அங்கே டி.வி. ரிமோட்டுக்கு மூன்று பட்டையாக விபூதி பூசி, அச்செடுத்த மசோதாவுக்குக் கதம்பம் சாத்தியிருந்தார்கள். உள்ளேயிருந்து மணிச் சத்தம் கேட்டது. களத்துக்குத் தாம்பாளம் வந்தபோது அதில் பொரி மட்டும் மிச்சமிருந்தது.

ரெங்கராஜ் பொரியை வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் காய்ந்த மிளகாயை அள்ளும்போது வெற்றிசெல்வனை நினைத்துக்கொண்டே அள்ளினார். அவன் கண்ணில் படட்டும் என்று ஒரு கை ஊதிக்கூட விட்டார். பொறாமைதான், வேறென்ன. அவரும் அதை வேறு பெயர் சொல்லி மறைக்கவில்லை.

இதற்குள் மற்ற செக்‌ஷன்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். அக்கவுண்ட்ஸ் உதயசூரியன் வரி சம்பந்தமாக ஒரு மசோதாவைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்; அவருக்கு சோபா கிடைத்தது. டிரைவர் ஐயனார் மோட்டார் வாகனத் திருத்தம் ஒன்றைப் பிடித்தார். லாரி ஷெட்டுக்கு மின்விசிறி வந்தது. நைட் வாட்ச்மேன்கூட எங்கிருந்தோ ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்குப் பிறகு சைக்கிளை மரத்தடியில் விடாமல் கார் ஷெட்டில் விட்டார். மசோதா இல்லாத ஒரே செக்‌ஷன் களம்.

ரெங்கராஜ் வெட்கத்தை விட்டு ஏ.சி. அறைக் கதவைத் தட்டினார்.

"தம்பி, நம்ம களத்துக்கு எதுவும் வந்துருக்கா?"

வெற்றிசெல்வன் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு உண்மையான வருத்தத்துடன் சொன்னான்.

"சூரியனுக்கு எதிரா இதுவரைக்கும் ஒண்ணும் வரலண்ணே. வந்தா மொத ஆளா ஒங்களுக்குத்தான் சொல்லுவேன்."

அந்த வருத்தம்தான் ரெங்கராஜை அதிகமாகச் சுட்டது.

தை மாதம் மசோதா உள்ள செக்‌ஷன்காரர்களை மட்டும் வேனில் ஏற்றி, திட்டமிடல் கூட்டம் என்று சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனார்கள். ரெங்கராஜுக்கு அழைப்பில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வடகம் பொரித்துக் கொடுத்தனுப்பச் சொல்லி உத்தரவு மட்டும் வந்தது. மலைமேல் சமணத் துறவிகள் பாறையில் வெட்டிய படுக்கைகளைக் காட்டி ராம்நாத் பேசியதை ஐயனார்தான் வந்து சொன்னார்.

"'பாருங்க, அந்தக் காலத்துலயே இவங்க படுத்துக்கிட்டே காத்திருந்தாங்க. யாராவது அவசரப்பட்டாங்களா? நம்ம வேலையும் அதுதான். ஒரு மசோதா சட்டமாயிட்டா அது வக்கீல் வேலை. செத்துப்போச்சுன்னா அது பத்திரிகைக்காரன் வேலை. நிலுவையில கெடக்குற வரைக்கும்தான் அது நம்ம வேலை. அதனால நிலுவையை நேசிங்க'ன்னாரு. எல்லாரும் ஆளுக்கொரு படுக்கையைப் பாத்து உக்காந்துட்டாங்க. காவக்காரரு வந்து எழுப்பிவிட்டாரு."

"வடகம் எப்படி இருந்துச்சு?" என்றார் ரெங்கராஜ்.

"பேச்சு சுவாரசியத்துல கவனிக்கலண்ணே."

அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிரகதீஸ்வரிக்கே பாவமாகிவிட்டது.

"ஏங்க, யாராச்சும் தன் பொழப்புக்குத் தடை வரலையேன்னு ஏங்குவாகளா? ஒங்களுக்கென்ன கிறுக்கா?"

"ஒனக்குத் தெரியாது. மசோதா இல்லாத மனுசன் அங்கிட்டு மனுசனே இல்ல."

"அப்ப நீங்களே ஒண்ணு போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்தாள். சும்மாதான் சொன்னாள். ரெங்கராஜ் சும்மா கேட்கவில்லை.

மாசியில் பொன்னமராவதியில் கம்பெனி டீலர் வீட்டுக் கல்யாணம். அதற்கு ஒரு எம்.பி. வந்திருந்தார். எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள். நம் மாவட்டத்துக்காரர் இல்லை. பந்தியில் அவருக்குப் பக்கத்து இலைக்கு மாப்பிள்ளையின் தாய்மாமனே குறி வைத்திருந்தார். ரெங்கராஜ் முழங்கையால் ஒரு தள்ளுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். எம்.பி. கூழ் வடகத்தை நொறுக்கி வாயில் போட்டு, "நல்லாருக்கே, எங்க வாங்குனது?" என்று பொதுவாகக் கேட்டார்.

"எங்க களத்துல காய வச்சதுதாங்கய்யா. ஆனா சாப்புடாதீங்க."

எம்.பி.யின் கை பாதியில் நின்றது.

"ஏன்?"

"தொறந்த வெளிங்கய்யா. காக்கா கொத்துது, நாயி குறுக்க ஓடுது, ரோட்டுப் புழுதி பூராம் அதுமேலதான். இதைக் கேக்க இந்த நாட்டுல ஒரு சட்டம் இல்ல. சட்டத்தை விடுங்க, ஒரு மசோதாகூட இல்லங்கய்யா." சொல்லிவிட்டு ரெங்கராஜ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் களத்தைத் தானே தூற்றுகிறோமே என்பதால் அல்ல. மசோதா இல்லையே என்பதால்தான்.

எம்.பி. அவர் பக்கம் சாய்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்துத் தொகுதிக்காரர் இந்தத் தடவை பதினோரு தனிநபர் மசோதா போட்டிருக்கார்யா. நான் ரெண்டு. அதுல ஒண்ணு அவர் போட்டதையே பேரை மாத்திப் போட்டது. பேப்பர்ல அவர் படம்தான் வருது." அவர் கண்ணில் ரெங்கராஜ் தன் வயிற்றெரிச்சலை அப்படியே பார்த்தார். "வடகத்தைப் பத்தி இதுவரைக்கும் யாரும் போடல, இல்ல?"

"யாருமே போடலங்கய்யா."

எம்.பி. உதவியாளரைக் கூப்பிட்டு ரெங்கராஜின் போன் நம்பரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு இன்னும் இரண்டு வடகம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அமைச்சராக இல்லாத எந்த எம்.பி.யும் தன் பேரில் ஒரு மசோதாவைக் கொண்டுவரலாம். அதுதான் தனிநபர் மசோதா. அது சட்டமாகும் என்று கொண்டுவந்தவரே எதிர்பார்ப்பதில்லை. அடுத்த கூட்டத்தொடரில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மக்களவையில் எம்.பி. எழுந்தார். 'திறந்தவெளி உணவு உலர்த்தல் முறைப்படுத்தல் மசோதா'வை அறிமுகம் செய்ய அனுமதி கேட்டார், கிடைத்தது, உட்கார்ந்தார். டீயை ஆற்றும் நேரம்கூட ஆகவில்லை. ஆனால் ஏ.சி. அறையிலிருந்து வெற்றிசெல்வன் செருப்பில்லாமல் களத்துக்கு ஓடிவந்தான்.

"அண்ணே! ஒங்களுக்கு வந்துருச்சுண்ணே!"

ரெங்கராஜ் துண்டைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு பெண் பிள்ளைக்குப் பிறகு ஆண் பிள்ளை பிறந்த நாளில்கூட அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இதைச் சொன்னால் பிரகதீஸ்வரி கோபித்துக்கொள்வாள்.

ராம்நாத் அன்றே கூட்டம் போட்டார். ரெங்கராஜுக்குச் சந்தன மாலை போட்டு, ஏ.சி. அறையில் இடம் கொடுத்தார். அதன் பிறகு பேசினார்.

"சாதாரண கம்பெனி, சட்டம் வந்தா கீழ்ப்படியும். நல்ல கம்பெனி, சட்டம் வர்றதுக்கு மொத நாள் கீழ்ப்படியும். நாம முன்னோடி. வரவே வராதுன்னு தெரிஞ்சாலும் இன்னைக்கே கீழ்ப்படியுறோம். நாளையிலிருந்து களம் மூடல்."

எல்லாரும் கை தட்டினார்கள். ரெங்கராஜும் தட்டினார். வார்த்தை காதில் ஏறியது; மனதில் ஏற நேரம் பிடித்தது. ஏறியபோது அவர் ஏ.சி. காற்றில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்து பார்த்தால், அவருடையது உருளாத நாற்காலி. வெற்றிசெல்வனுடையது அரசாங்கமே கொண்டுவந்த மசோதா. இவருடையது தனிநபர் மசோதா. அதற்கு நான்கு கால் நாற்காலிதான் அனுமதி என்று சொன்னார்கள். ஆக, களம் மூடிய கவலைக்கு முன்னால் நாற்காலிக் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

களம் மூடினாலும் வடகம் விற்றாக வேண்டும். மதுரைக்குத் தெற்கே ஓர் ஊரிலிருந்து மொத்தமாக வாங்கி, உ.ராம. பாக்கெட்டில் அடைத்தார்கள். அந்த ஊரில் எதில் காய வைக்கிறார்கள் என்று விசாரித்து வரச் சொல்லி ஐயனாரை அனுப்பினார்கள். ரோட்டோரத்துப் பாறையில் காய வைக்கிறார்கள் என்று அவர் வந்து சொன்னார். அது அவர்கள் மசோதா, நம்முடையது அல்ல என்று ராம்நாத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மீனம்மாளும் மற்றப் பெண்களும் நூறு நாள் வேலைக்குக் கண்மாய் வெட்டப் போனார்கள். அது தீர்ந்ததும் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனார்கள். கை தோலுரிந்து போயிற்று. ஒருநாள் மீனம்மாள் ஏ.சி. அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு, "குளுருது, இங்கிட்டே நிக்கிறேன்" என்றாள்.

"ரெங்கண்ணே, அந்தச் சட்டம் எப்பண்ணே வரும்?"

"சட்டம்லாம் வராது மீனம்மா."

"அப்பறம் எதுக்குண்ணே களத்தைப் பூட்டி வச்சிருக்காக?"

"வரலாம்ல."

 மீனம்மாள் புரிந்துகொள்ள முயன்று பார்த்தாள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு மண்ணைத் தூற்றினாள்.

"எந்தப் பாவிப்பய போயி டெல்லியில மூட்டி விட்டானோ! கூழ் காய்ச்சிப் பொழைக்கிற பொம்பளைக வயித்துல அடிச்சவன் வெளங்குவானா? அவன் வீட்டு அடுப்புல பூனை தூங்க!"

"அப்படிலாம் சொல்லாத மீனம்மா" என்றார் ரெங்கராஜ்.

"ஏண்ணே, நீங்க நல்லவரு, ஒங்களுக்குச் சாபம் விட வராது. எனக்கு வரும்." அவள் போய்விட்டாள். ரெங்கராஜ் வீட்டுக்குப் போனதும் அடுப்பைத்தான் முதலில் பார்த்தார். பிரகதீஸ்வரி பார்த்தும் பாராததுபோல் இருந்தாள். பந்தியில் நடந்தது முழுவதும் அவளுக்குத் தெரியும்.

"மீனம்மா மகளுக்குக் காலேஜுல சேர எடம் கெடச்சுருக்காம். அனுப்ப வழியில்லன்னு அழுதுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு ரெங்கராஜ் தூங்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். தூங்கினார். ஆனால் காலையில் எழுந்ததும் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. களம் திறந்துவிட்டால் நல்லதுதான் என்று முதல் தடவையாக நினைத்தார். ஏ.சி. அறைக்குப் போய், வெற்றிசெல்வன் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவதைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

தேர்தல் வந்தது. மக்களவை கலைந்தது. அன்று டி.வி.யை அணைத்துவிட்டு வெற்றிசெல்வன் ரெங்கராஜ் பக்கம் உருண்டு வந்து, துக்க வீட்டில் பேசுகிற குரலில் ஆரம்பித்தான்.

"மனசைத் தேத்திக்கங்கண்ணே. மக்களவை கலைஞ்சா அங்க நிலுவையில கெடந்ததெல்லாம் காலாவதி. ஒங்க மசோதா போயிருச்சு."

"ஒன்னோடது?"

"என்னோடது மேல்சபைல போட்டதுண்ணே. மேல்சபை கலையவே கலையாது. அங்க போட்டது அப்படியே கெடக்கும்." அவன் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான்: "எனக்கப்பறம் என் மகனுக்கும் ஆகும்னு சின்ன முதலாளி சொல்றாரு."

ராம்நாத் இரங்கல் தெரிவித்தார். மசோதா இல்லாதபோது கீழ்ப்படிய ஒன்றுமில்லை, வரும் திங்களிலிருந்து களத்தைத் திறந்துகொள்ளலாம் என்றார். நான்கு கால் நாற்காலியைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டார்கள். சேதி கம்பெனி மதில் தாண்டிப் போய், மறுநாளே மீனம்மாள் கூட்டத்தோடு வந்துவிட்டாள். முந்திரிப் பால் பட்டுக் கறுத்த கையோடு, ஒருத்தி விளக்குமாறும் ஒருத்தி குடமுமாக. பூட்டைத் திறந்து களத்துத் தரையில் கால் வைத்ததும் ஒரு பெண் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர்கள் சிரித்தும் கத்தியும் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற சத்தம் ஆபீஸ் வரை கேட்டது.

"ரெங்கண்ணே, இங்கிட்டு வாங்க!" மீனம்மாள் களத்து நடுவில் நின்று கூப்பிட்டாள். "அண்டாவைக் கழுவியாச்சு. திங்கக்கெழம மொதக் கூழு காய்ச்சிருவோமா? எம்மககிட்டயும் சொல்லிட்டேன், காலேஜுல சேந்துரலாம்னு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

ரெங்கராஜ் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினார். தரை காலைச் சுட்டது. பழகிய சூடுதான். மீனம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அந்த நேரத்தில் ஏ.சி. அறைக் கண்ணாடிக்குப் பின்னால் வெற்றிசெல்வன், கலையாத அவையின் கலையாத மசோதாவோடு, டீக்கடைக்காரர் கொண்டுவந்த கண்ணாடி டம்ளரை வாங்கிக்கொண்டிருந்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, நாற்காலியை லேசாகச் சுழற்றினான்.

"கொஞ்சம் பொறு மீனம்மா" என்றார் ரெங்கராஜ்.

மதில் ஓரத்து நிழலுக்குப் போய் போனை எடுத்தார். எம்.பி.யின் உதவியாளர் மறுமுனையில் எடுத்ததும் கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு பேசினார்.

"ஐயா, நாந்தான், வடகம் ரெங்கராஜ். ஐயாவுக்கு மேல்சபைல வேண்டப்பட்டவுங்க யாராச்சும் இருக்காங்களா? இந்தத் தடவை அங்கிட்டுப் போட்டுருவோம்யா. அங்க போட்டா சாகாதாம்."

மீனம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாருகிட்டண்ணே பேசுறீக?"

ரெங்கராஜ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"நம்ம களத்து விசயமாத்தான் ஆத்தா" என்றார். அது பொய் என்று அவருக்குத் தோன்றவில்லை.